அயலவன் குரல்: வாகனங்களுக்கிடையிலான கம்பியில்லாத் தொடர்பு எழுப்பும் ஓர் அறவியல் வினா

ஒருவன் விடுக்கும் அழைப்புக்குச் செவிசாய்க்கும் கடப்பாடு மற்றவனுக்கு எப்போது உண்டாகின்றது? உறவினன் அழைத்தால் உறவே அக்கடப்பாட்டைத் தோற்றுவிக்கின்றது. நண்பன் அழைத்தால் நட்பும், ஒப்பந்தக்காரன் அழைத்தால் ஒப்பந்தமும் அதனைத் தோற்றுவிக்கின்றன. ஆயின், முன்பின் அறியாத ஒருவன், பெயர் கூறாமல், எவரையும் பெயரிட்டு அழைக்காமல் குரல் எழுப்பும்போது அதனைக் கேட்டவன் என்ன செய்தல் வேண்டும்? சமயங்களும் மெய்யியலும் நெடுங்காலமாக எதிர்கொண்டுவந்த வினா இது. அண்மைக் காலத்தில் இதே வினாவுக்கு முற்றிலும் எதிர்பாராத ஓரிடத்தில் விடை எழுதவேண்டியிருந்தது. வீதியில் ஓடும் மோட்டார் வாகனங்கள் ஒன்றோடொன்று வானொலி அலைவழியே செய்தி பரிமாறுவதற்கான நியமங்களே அவ்விடமாகும்.

அந்நியமங்களை வகுத்தோர் அறவியல் நூல் எழுதமுனைந்தவர்கள் அல்லர். எச்செய்தியை ஏற்பது, எதனைத் தள்ளுவது என்னும் பொறியியற் சிக்கலுக்கே அவர்கள் தீர்வு தேடினர். ஆயினும், ஏற்பதும் தள்ளுவதும் மனித உயிரோடு தொடர்புறும் இடத்தில் பொறியியற் சிக்கல் அறவியற் சிக்கலாகவும் ஆகிவிடுகின்றது. அவர்கள் கண்ட விடை யாது, அதன் நிறைகுறைகள் யாவை என்பன மெய்யியல் மாணவரும் ஆராயத்தக்கனவாகும்.

காதில் விழுதலும் செவிமடுத்தலும்

வீடுகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இன்று வழங்கும் கம்பியில்லாக் கணினி வலையமைப்புக்களில் செய்தியானது சட்டகம் எனப்படும் சிறு பொதிகளாக அனுப்பப்படுகின்றது. ஒவ்வொரு சட்டகத்தின் தலைப்பகுதியிலும் முகவரிகள் பொறிக்கப்பட்டிருக்கும். பெறுவோர் முகவரி ஒன்று. அனுப்புவோர் முகவரி ஒன்று. இவற்றோடு, அச்சட்டகம் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது எனக் காட்டும் அடையாளமும் ஒன்று. ஒவ்வொன்றும் 48 பிற்றுக்களால் ஆனது.

வானொலி அலைக்குச் சுவர் இல்லை. ஆகவே ஒரு வீட்டில் அனுப்பப்படும் சட்டகம் பக்கத்து வீட்டுக் கருவியின் அலைவாங்கியையும் சென்றடைகின்றது. அக்கருவி முகவரியைப் பார்க்கின்றது. தனக்குரியதன்று எனக் கண்டதும் அதனைக் கைவிடுகின்றது. உள்ளிருக்கும் கணினிக்கு அப்படியொரு செய்தி வந்ததென்பதே தெரியவருவதில்லை. காதில் விழுதல் வேறு, செவிமடுத்தல் வேறு என்னும் வேறுபாட்டை இதனிலும் துல்லியமாகக் காட்டுதல் அரிது. குரல் காதில் விழுகின்றது, ஆயின் கேட்கப்படுவதில்லை. இவ்வாறு தெரிந்தெடுக்கும் செயலே வடிகட்டல் எனப்படுகின்றது.

இங்கு மனங்கொள்ளத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. தனியொரு கருவியை அழையாது எல்லாரையும் அழைக்கும் முகவரியும் உளது. 48 பிற்றுக்களும் ஒன்று என்னும் இலக்கமாக அமைவது அது. அம்முகவரியோடு வரும் சட்டகத்தை எல்லாரும் ஏற்பரோ எனின், இல்லை. பெறும் கருவி கூட்ட அடையாளத்தையும் ஒப்புநோக்குகின்றது. அது தன் கூட்டத்தின் அடையாளமாக இருந்தால் மட்டுமே செய்தி உள்ளே செல்லும். எனவே சாதாரண வலையமைப்பில் ‘எல்லாரும்’ என்ற சொல்லுக்கு ‘எம்மவர் எல்லாரும்’ என்பதே பொருள். மனித சமூகங்கள் பல ‘மக்கள்’ என்ற சொல்லையும் இப்பொருளிலேயே வழங்கிவந்துள்ளன என்பதை வரலாறு கற்றோர் அறிவர்.

கூட்டத்துக்கு வெளியே

வீட்டில் இவ்வேற்பாடு பொருத்தமானதே. வீதியில் நிலைமை வேறு. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் எதிரெதிரே வரும் இரு வாகனங்களுக்கிடையே 300 மீற்றர் தூரம் இருப்பதாகக் கொள்வோம். அவை ஒன்றையொன்று சந்திக்க ஏறத்தாழ 5.4 செக்கன்களே செல்லும். இக்குறுகிய நேரத்தினுள் ஒரு கூட்டத்தைத் தேடிக் கண்டு, அனுமதி கேட்டு, உறுப்பாண்மை பெற்று, அதன் பின்னர் ‘வளைவில் வழுக்குகின்றது’ எனச் சொல்வது பயனற்றது. அன்றியும் வீதியில் நிலையான கூட்டம் என ஒன்றில்லை. ஒவ்வொரு கணமும் சிலர் வருகின்றனர், சிலர் விலகுகின்றனர். உறுப்பினரைச் சேர்க்கும் அதிகாரம் படைத்த வீட்டுக்காரனும் அங்கு இல்லை.

இக்காரணங்களால், ஐ.ஈ.ஈ.ஈ. நிறுவனத்தின் 802.11 நியமத்துக்கு 2010ஆம் ஆண்டில் வாகனச் சூழலுக்கான திருத்தம் ஒன்று சேர்க்கப்பட்டது. 2012ஆம் ஆண்டுப் பதிப்பில் அது மூலநியமத்துடன் இணைக்கப்பட்டது. அத்திருத்தம் தோற்றுவித்த நிலைக்கு வழங்கும் பெயரைத் தமிழில் ‘கூட்டத்தின் சூழலுக்கு வெளியே’ எனக் கூறலாம். இந்நிலையில் வாகனம் எக்கூட்டத்திலும் சேர்வதில்லை. எவரிடமும் அனுமதி கேட்பதில்லை. கூட்ட அடையாளம் இருக்கவேண்டிய இடத்தில் 48 ஒன்றுகள் இடப்படுகின்றன. அதாவது எந்தக் கூட்டமும் அன்று என்பதே அங்குள்ள குறிப்பு. பெறும் வாகனமும் ‘நீ எம்மவனோ?’ என வினவாது அதனை உள்ளே விடுகின்றது. இங்குதான் ‘எல்லாரும்’ என்னும் சொல் தன் நேர்ப்பொருளைப் பெறுகின்றது. அலை எட்டும் தூரத்தில் உள்ளவர் அனைவரும் அதில் அடங்குவர்.

இவ்வாறு செல்லும் செய்தி மிக எளியது. வாகனம் நிற்குமிடம், வேகம், செல்லும் திசை, தடுப்பு அழுத்தப்பட்டதா என்பன போன்ற விபரங்கள் செக்கனுக்குப் பத்துத் தடவை வரை ஒலிபரப்பப்படுகின்றன. பெற்றுக்கொண்டோம் என்ற பதிலும் இத்தகைய ஒலிபரப்புச் சட்டகங்களுக்கு அனுப்பப்படுவதில்லை. கேட்பவர் எவரேனும் உளரோ என அறியாமலே ஒவ்வொரு வாகனமும் தன்னிலையை அறிவித்துக்கொண்டு செல்கின்றது. கைம்மாறு கருதாது செய்யப்படும் கடமைக்கு இதனை ஓர் உருவகமாகக் கொள்ளலாம். எனினும் இயந்திரத்துக்கு அப்பெருமையை அளிப்பது மிகையாகும். பெருமையும் பொறுப்பும் அவ்வாறு அமைத்தோரையே சாரும்.

அயலவன் யார்?

எல்லாக் குரலையும் உள்ளே விடுவதாயின் வடிகட்டல் ஒழிந்ததா? ஒழியவில்லை, இடம் மாறியது. ஒரு பெருஞ்சந்தியில் நூறு வாகனங்கள் நிற்க, ஒவ்வொன்றும் செக்கனுக்குப் பத்துச் செய்திகள் அனுப்பினால் செக்கனொன்றுக்கு ஆயிரம் செய்திகள் வந்துசேரும். ஒவ்வொரு செய்தியும் இலத்திரனியல் ஒப்பம் இடப்பட்டது. ஒப்பத்தைச் சரிபார்க்கக் கணிப்பு வலுவும் நேரமும் வேண்டும். ஆதலால் தனக்கு இடர் விளைக்கக்கூடிய வாகனங்களின் செய்திகளை முதலிற் சரிபார்த்து, ஏனையவற்றைப் பின்தள்ளும் முறைகளும் முன்மொழியப்பட்டுள்ளன. எல்லையற்ற செவி எவருக்கும் இல்லை. அறவியலும் இவ்வுண்மையை ஏற்றே தொடங்கல் வேண்டும். வடிகட்டலாமா என்பதன்று வினா. எந்த இடத்தில், எதனை அளவுகோலாகக் கொண்டு வடிகட்டுவது என்பதே வினா.

ஐரோப்பியத் தொலைத்தொடர்பு நியம நிறுவனம் இதற்கு வகுத்த விடைகளுள் ஒன்று சிந்தனைக்குரியது. அதன் புவிசார் முகவரி முறையில் செய்தியின் முகவரியாக ஒரு பெயரன்றி ஓரிடமே அமையலாம். வட்டம், செவ்வகம், நீள்வட்டம் ஆகிய வடிவங்களுள் ஒன்றால் நிலப்பரப்பொன்று குறிக்கப்படும். அப்பரப்பினுள் அவ்வேளையில் நிற்பவர் எவரோ அவரே செய்திக்கு உரியவர். இன்னார் எனத் தெரியவேண்டியதில்லை; அங்கு இருத்தலே போதுமானது.

லூக்கா எழுதிய நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் வரும் நல்ல சமாரியன் உவமை இங்கு நினைவுக்கு வருதல் இயல்பே. நியாயசாத்திரி ஒருவன் தன் அயலவன் யார் என வினவுகின்றான். அவ்வினா ஒரு வடிகட்டியைக் கேட்கும் வினா. எவரை உள்ளே விடவேண்டும், எவரை விட்டுவிடலாம் என்பதற்கு அவன் ஓர் அடையாளம் தேடுகின்றான். உவமையின் விடையோ அடையாளத்தைத் தராது, வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு நின்றவனைச் சுட்டுகின்றது. தமிழிலுள்ள ‘அயல்’ என்னும் சொல்லும் இவ்விரு பொருளையும் தன்னுள் அடக்கியிருத்தல் வியப்புக்குரியது. பக்கத்து வீட்டில் வாழ்பவனும் அயலவன். நம்மவன் அல்லாத அந்நியனும் அயலவன். வீதி என்பது இவ்விரு பொருளும் ஒன்றாகும் இடம். அங்கு மிக அருகில் வருபவன் முற்றிலும் அந்நியனாகவே இருக்கின்றான்.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. பீற்றர் சிங்கர் 1972ஆம் ஆண்டில் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், தூரம் என்பது அறவியலில் பொருட்படுத்தத்தக்கதன்று என வாதிட்டார். குளத்தில் மூழ்கும் குழந்தை கண்முன் இருந்தாலென்ன, ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் பஞ்சத்தில் வாடினாலென்ன, உதவும் ஆற்றல் உள்ளவனுக்குக் கடமை ஒன்றே என்பது அவர் கருத்து. அவ்வாறாயின் இடத்தை அளவுகோலாகக் கொள்ளும் நியமம் குறுகிய அறத்தைப் பேணுகின்றதா? ஆழ்ந்து நோக்குமிடத்து இரண்டுக்கும் முரண் இல்லை எனலாம். வீதியில் அண்மை முதன்மை பெறுவது, அண்மையில் உள்ளவனே தீங்கு செய்யவும் தீங்கைத் தவிர்க்கவும் வல்லவனாக இருப்பதனாலாகும். தடுப்பை அழுத்தும் ஆற்றல் பின்வருபவனுக்கே உண்டு. வேறு நகரத்தில் உள்ளவனுக்கு இல்லை. இங்கு இடம் என்பது ஆற்றலின் அடையாளமே அன்றி உறவின் அடையாளம் அன்று. சிங்கரின் அளவுகோலும் ஆற்றல்தான்.

முகமூடியும் மோதிரமும்

செவிமடுப்போன் கடமை ஒருபுறமிருக்க, பேசுவோன் நிலை யாது? தன் இருப்பிடத்தைச் செக்கனுக்குப் பத்துத் தடவை உலகறியக் கூறுபவன் தன் அந்தரங்கத்தை இழக்கின்றான். மாறா முகவரி ஒன்று அவ்வாகனத்துக்கு இருக்குமாயின், சந்திகளில் சில கருவிகளை வைத்து அது எங்கு சென்றது, எவ்வில்லத்தின் முன் நின்றது, எக்கூட்டத்துக்கு வந்தது என எவரும் அறிந்துகொள்ளலாம். எதிராளியைத் தேடும் அரசுக்கும், மனைவியைத் துன்புறுத்தும் கணவனுக்கும் இது ஒரே வகையிற் பயன்படும்.

ஆகையால் வாகனங்கள் தற்காலிகப் பெயர்களையே பூணுகின்றன. ஐக்கிய அமெரிக்காவுக்கென வகுக்கப்பட்ட சான்றிதழ் முறையில் வாகனமொன்றுக்குக் கிழமைக்கு 20 சான்றிதழ்கள் வழங்கப்பட, அவற்றை அது மாற்றி மாற்றிப் பயன்படுத்தும். சான்றிதழ் மாறும்போது சட்டகத்தின் அனுப்புவோர் முகவரியும் செய்தியிலுள்ள தற்காலிக இலக்கமும் உடன் மாறவேண்டும். ஒன்று மாறி மற்றொன்று மாறாதிருப்பின் பழைய பெயரையும் புதிய பெயரையும் எளிதில் இணைத்துவிடலாம். முகமூடியை மாற்றியவன் சட்டையை மாற்ற மறந்த கதையாகும் அது.

இங்கு பிளேற்றோ ‘குடியரசு’ நூலின் இரண்டாம் பகுதியில் எழுப்பிய ஐயம் உயிர்பெறுகின்றது. அணிந்தவனைக் காணாமற் செய்யும் கைகீசின் மோதிரம் கிடைத்தால் நல்லவனும் நல்லவனாக இருப்பானா? பெயரின்றிப் பேசும் உரிமை பொய் பேசும் உரிமையாகவும் மாறலாம். ‘முன்னே விபத்து’ எனப் பொய்ச்செய்தி அனுப்பித் தனக்கு வழி திறந்துகொள்ள ஒருவன் முயலலாம். ஒப்பம் இதனைத் தடுக்குமா? முழுமையாகத் தடுக்காது. அனுப்பியவன் உரிமம் பெற்றவன் என்பதையே ஒப்பம் உறுதிசெய்கின்றது. அவன் உண்மை சொல்கின்றான் என்பதையன்று. உரிமம் பெற்ற பொய்யனும் உளன்.

இதற்குக் காணப்பட்ட தீர்வு, அறிவைப் பங்கிடுதலாகும். வாகனத்தின் வேண்டுகோளைப் பெறும் அமைப்பு அது எவ்வாகனம் என அறியும். ஆயின் வழங்கப்படும் சான்றிதழின் உள்ளடக்கத்தை அறியாது. சான்றிதழை ஆக்கும் அமைப்பு உள்ளடக்கத்தை அறியும். ஆயின் அது யாருக்குச் செல்கின்றதென அறியாது. தவறிழைத்த வாகனம் எனக் கண்டால், உரிய அமைப்புக்கள் ஒன்றுசேர்ந்தே அதன் சான்றிதழ்களை இனங்கண்டு விலக்கமுடியும். கைகீசின் மோதிரம் வழங்கப்படுகின்றது. ஆயின் அதன் மந்திரம் பலரிடம் துண்டுதுண்டாக ஒப்படைக்கப்படுகின்றது. வீதியில் செல்வோருக்கு முன் மறைந்திருக்கலாம். அறத்தின் முன் மறைந்திருத்தல் கூடாது என்பதே இதன் கருத்து.

இத்தீர்வு அழகியதாயினும் அதன் வலு கணிதத்தில் மட்டும் தங்கியிருக்கவில்லை. பிரித்துவைக்கப்பட்ட அமைப்புக்கள் பிரிந்தே இருக்கும் என்னும் நம்பிக்கையில் அது தங்கியுள்ளது. அவற்றை ஒன்றாக்கும் ஆணை ஒன்று பிறக்குமாயின் முகமூடி ஒரே நாளில் அடையாள அட்டையாக மாறிவிடும். அதிகாரத்தைப் பிரித்துவைத்தல் பற்றி அரசியல் மெய்யியலாளர் கூறியவை யாவும் இங்கும் பொருந்துவனவே.

குரலற்றவர்

இதுவரை கூறப்பட்டவை குரல் உள்ளவரைப் பற்றியவை. மிகக் கடினமான வினா குரலற்றவரைப் பற்றியது. நடந்து செல்லும் முதியவர், துவிச்சக்கரவண்டியில் செல்லும் மாணவன், வீதியைக் கடக்கும் குழந்தை, பழைய வாகனத்தின் உரிமையாளர் ஆகியோரிடம் ஒலிபரப்பும் கருவி இல்லை. பாதசாரிகளுக்கும் துவிச்சக்கரவண்டியோட்டிகளுக்கும் உரிய செய்தி வகைகளையும் அமெரிக்க, ஐரோப்பிய நியமங்கள் வகுத்துள்ளன என்பது உண்மையே. ஆயின் அவற்றை அனுப்பவும் கருவி ஒன்று கையில் இருத்தல் வேண்டும்.

தமிழிலக்கணம் விளிவேற்றுமையைப் பற்றிக் கூறுமிடத்து, விளி ஏற்காப் பெயர்களும் உள எனக் கூறுகின்றது. அவன், இவன் என்னும் சுட்டுமுதற் பெயர்கள் தொல்காப்பியத்தின் விளிமரபில் அவ்வகையினவாகச் சொல்லப்படுகின்றன. ‘அவன்’ என்று ஒருவனைப் பற்றிப் பேசலாம். அச்சொல்லால் அவனை விளிக்க இயலாது. வாகனங்களின் உரையாடலில் பாதசாரியின் நிலையும் அத்தகையதே. அவன் பேசப்படும் பொருளாக இருக்கலாம். பேச்சில் கலந்துகொள்பவனாக இல்லை.

வகைப்பாட்டினுள் அடங்காதவனுக்கு நேரும் இடரை வேறொரு தொழினுட்பத்தில் நிகழ்ந்த துன்பம் எடுத்துக்காட்டுகின்றது. 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள ரெம்பி நகரில், தானாக இயங்கும் பரிசோதனை வாகனம் ஒன்று மோதி, துவிச்சக்கரவண்டியைத் தள்ளிக்கொண்டு வீதியைக் கடந்த பெண்ணொருவர் உயிரிழந்தார். மோதலுக்கு 5.6 செக்கன்கள் முன்னரே வாகனத்தின் உணர்கருவி அவரைக் கண்டுவிட்டது என அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் விசாரணை கூறியது. ஆயின் அவரை வாகனம் என்றும், இனந்தெரியாப் பொருள் என்றும், துவிச்சக்கரவண்டி என்றும் அது மாறிமாறி வகைப்படுத்தியது. கடவை அல்லாத இடத்தில் பாதசாரி ஒருவர் கடக்கலாம் என்பதையே அதன் அமைப்பு கருத்திற்கொள்ளவில்லை. அங்கு வானொலிச் செய்திக்கு இடமில்லை. வடிகட்டலின் குறையும் முகவரியைப் பற்றியதன்று. எனினும் படிப்பினை ஒன்றே. கண்ணுக்குப் புலப்பட்டும் அவர் கருத்தில் ஏற்கப்படவில்லை. காதில் விழுந்தும் கேட்கப்படாத குரலின் உடன்பிறப்பு அது.

இதிலிருந்து பெறப்படும் முடிவு தெளிவானது. அலைவரிசையில் அமைதி நிலவுகின்றது என்பதனால் வீதி வெறுமையாக உள்ளது எனக் கொள்ளலாகாது. பேசுவோரைக் கேட்கும் வசதி, பேசாதோரைப் பார்க்கும் கடமையைக் குறைக்குமாயின் அவ்வசதியால் விளையும் நன்மை ஒரு சாராருக்கே உரியதாகும். அதன் விலையை மற்றொரு சாரார் தம் உடலால் செலுத்துவர். பாதுகாப்புப் பெறுவதற்குக் கருவி வாங்கவேண்டும் என்ற நிலை வருமாயின், கூட்டத்துக்கு வெளியே என்று தொடங்கிய நியமம் புதியதொரு கூட்டத்தை ஆக்கியதாகவே முடியும்.

நிலைக்கும் வினா

இவையெல்லாம் இயந்திரங்களின் செயல். தெரிவு செய்யும் உள்ளம் இல்லாதவிடத்து அறம் பற்றிப் பேசுவதேன் எனச் சிலர் வினவலாம். இயந்திரம் தெரிவு செய்வதில்லை என்பது உண்மை. ஆனால், 48 ஒன்றுகளை அவ்விடத்தில் இட்டவர்கள் மனிதர்களே. சட்டத்தைப் போலவே நியமமும் முன்கூட்டியே எடுக்கப்பட்ட முடிவுகளின் தொகுதியாகும். சட்டத்துக்கேனும் பாராளுமன்ற விவாதம் உண்டு. நியமத்தின் வரிகளையோ பொதுமக்களுள் மிகச் சிலரே வாசிக்கின்றனர். ஆகவே அவ்வரிகளை அறவியல் நோக்கிலும் வாசிப்பதற்கு மனிதப்பண்பியல் கற்போருக்கும் கடமை உண்டு.

தொழினுட்பம் நிலையானதன்று. அமெரிக்கக் கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணைக்குழு 1999ஆம் ஆண்டில் இத்தேவைக்கென 5.9 கிகாஹேட்சு மீடிறனை அண்டி 75 மெகாஹேட்சு அகலமான பட்டையை ஒதுக்கியது. 2020ஆம் ஆண்டில் அதே ஆணைக்குழு அதில் 45 மெகாஹேட்சைப் பிற பயன்பாடுகளுக்கு அளித்து, எஞ்சிய 30 மெகாஹேட்சைக் கைத்தொலைபேசித் தொழினுட்பத்தின் வழிவந்த வேறொரு முறைக்கு உரியதாக்கத் தீர்மானித்தது. 2024ஆம் ஆண்டில் அதற்கான இறுதி விதிகளும் வெளியாயின. ஐரோப்பாவில் முன்னைய முறையும் வழக்கில் உள்ளது. ஆயின் புதிய முறையிலும் வாகனம் தற்காலிகமான அனுப்புவோர் அடையாளத்தையே பூணுகின்றது. செய்தி ஓர் ஆளை நோக்கியன்றி ஒரு சேவையை நோக்கியே அனுப்பப்படுகின்றது. கருவி மாறினும் வினா மாறவில்லை.

அவ்வினாவுக்கு இந்நியமங்கள் தரும் விடையை முழுமையானதெனக் கூறமுடியாது. எனினும் அதிலிருந்து கற்கத்தக்கது உண்டு. வாயிலில் நின்று ‘நீ எம்மவனோ?’ என வினவுவதை விடுத்து, முதலிற் கேட்டுப் பின்னர் தேவையின்படி எடைபோடும் ஒழுங்கு சாத்தியமானதே என்பதை அவை காட்டியுள்ளன. பேசுபவனின் முகத்தைக் கேளாமலே அவன் சொல்லுக்கு அவனைப் பொறுப்பாக்க முயலவும் முடியும் என்பதையும் காட்டியுள்ளன. வேகமாகச் செல்லும் இரும்புப் பெட்டிகளுக்கிடையே இவ்வளவு இயலுமாயின், ஒரே தெருவில் தலைமுறைகளாக வாழும் மனிதருக்கிடையே அது ஏன் இத்துணை அரிதாக உள்ளது என்பதற்குப் பொறியியலாளர் விடை கூறவேண்டியதில்லை. அவ்விடையைக் கூறவேண்டியவர் அத்தெருவில் வாழ்பவரே.